நிற்கத் தெரிந்த பிறகு ஓடலாம்

(சங்கத்தின் ஒன்றுகூடல் விழாவில், மாணவர்களுக்கான அமர்வில் பேசியது. பேச்சு நடை போய்விடக் கூடாது என்பதால் அதிகம் திருத்தாமல் தந்திருக்கிறேன்.)



செயலாளர் எனக்குப் போன் செய்து, "பசங்களுக்குப் பிடிச்ச மாதிரி ஏதாவது பேசுப்பா. தரக் கட்டுப்பாடு, ஐ.எஸ்.ஓ.ன்னு ஆரம்பிச்சா எழுந்து போயிடுவாங்க" என்றார். காலையில் வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு சுற்று வந்தேன். நான்கு கார்களில் பெரிய அலாய் வீல் மின்னுகிறது. ஒரு கார் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கிறது. பிரேக் காலிபருக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்த கார் ஒன்று. தலைப்பு கிடைத்துவிட்டது! வீல், பிரேக், சஸ்பென்ஷன் மூன்றையும் மாற்றி நம் காரை ஸ்போர்ட்ஸ் கார் ஆக்குவது எப்படி என்றே பேசிவிடுகிறேன். நம்மில் பெரும்பாலோருக்கு ஸ்போர்ட்ஸ் கார் என்பது ஐந்தாறு வருஷம் ஓடிய, இரண்டாம் கையாக வாங்கிய ஒரு சின்ன பெட்ரோல் கார்தானே. எனக்கும் அப்படித்தான்.

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். பெருமைப்படும் கதை இல்லை.

படிப்பு முடிந்து ஓசூர் சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. ஓசூரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் வந்தது இங்கிருந்துதான். அதே காலத்தில் அசோக் லேலண்டும் இங்கே வந்தது. கேப்ரியல் கம்பெனி ஷாக் அப்சார்பர் செய்வதும் இந்த ஊரில். இன்று ஏத்தர் ஓசூரிலும், ஓலா போச்சம்பள்ளிப் பக்கமும் மின்சார ஸ்கூட்டர் செய்கின்றன. இந்த ஊர் டீக்கடையில் நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் டாலரன்ஸ் பற்றிப் பேசுவார்கள்.

அப்படிப்பட்ட ஊரில், பகலெல்லாம் 10 மைக்ரான் கூடிவிட்டது என்று பீஸை ரிஜெக்ட் செய்து சிவப்புத் தொட்டியில் போடுகிறவன் நான். 2013-ல் ஒரு பழைய கார் வாங்கினேன். சம்பளம் கொஞ்சம் சேர்ந்ததும் ஒரு சனிக்கிழமை அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்குப் போய், 17 அங்குல அலாய் வீல் நான்கு வாங்கினேன். காரை 40 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங் செட் ஒன்று. "ரேசிங்" என்று அட்டையில் போட்டிருந்ததால் பிரேக் பேடு ஒரு செட். இதில் எதையாவது அளந்து பார்த்தேனா? ஒரு வெர்னியர்கூட வைத்துப் பார்க்கவில்லை. வீல் அழகாக இருந்தது, வாங்கிவிட்டேன். கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் விற்கத்தான் உட்கார்ந்திருக்கிறார். கேட்க வேண்டியவன் நான்.

அடுத்த வருஷம் டிசம்பரில், நம் வகுப்புத் தோழர்கள் நான்கு பேராக ஏற்காடு போனோம். ஏறும்போது ஒரு குறையும் இல்லை. "மச்சான், வண்டி தண்டவாளத்துல போற மாதிரி இருக்குடா" என்று பாராட்டு வேறு. இறங்கும்போது பாட்டுப் போட்டுக்கொண்டு, நான்காவது கியர், மூன்றாவது கியரிலேயே ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக்கை அழுத்திக்கொண்டு வந்தேன். சேலம் ஏற்காடு சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதிக்கு மேல் இறங்கியிருப்போம். ஒரு வளைவுக்கு முன்னால் பெடலை மிதித்தேன். கால் நேராகத் தரைக்குப் போய்விட்டது. பிரேக் இல்லை.

அந்த இரண்டு மூன்று விநாடியை என்னால் வர்ணிக்க முடியாது. பெடலை மறுபடி மறுபடி மிதித்தேன். இரண்டாவது கியருக்கு இழுத்தேன். ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினேன். எதிரில் பஸ் வரவில்லை. மலைப் பக்க ஓடையில் இடது சக்கரங்களை இறக்கி, பாறையில் உரசி நிறுத்தினேன். யாருக்கும் காயமில்லை. யாரும் பேசவும் இல்லை. பின்சீட்டில் இருந்தவன் மடியில் ஒரு பை. அதில் அவனுடைய கல்யாணப் பத்திரிகைகள். அடுத்த பத்தாம் நாள் அவனுக்கு முகூர்த்தம். "டேய், நான் பத்திரிகை குடுக்கணும்டா" என்று மட்டும் சொன்னான்.

ஒரு மணி நேரம் கழித்துப் பெடலை மிதித்துப் பார்த்தால், கல் மாதிரி நிற்கிறது! ஒன்றுமே நடக்காத மாதிரி. முதல் கியரில் ஊர்ந்து சேலம் வந்து சேர்ந்தோம்.

ஓசூரில் பாகலூர் ரோட்டுப் பக்கம் வயதான ஒரு மெக்கானிக் இருந்தார். அவரிடம் வண்டியை விட்டேன். அவர் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தார். கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. வீலைக் கழற்றினார், ஸ்பிரிங்கைப் பார்த்தார். திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, இதெல்லாம் எதுக்கு மாத்துன?"

என்னிடம் பதில் இல்லை. என் கம்பெனியில் ஒரு டிராயிங்கில் ஒரு கோட்டை மாற்ற வேண்டுமானால் காரணம் எழுதி மூன்று கையெழுத்து வாங்க வேண்டும். நான்கு உயிர் போகும் வண்டியில் காரணமே இல்லாமல் மூன்று பாகத்தை மாற்றியிருக்கிறேன். அன்றிலிருந்து நான் கற்றுக்கொண்டதைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். அவர் சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன். "முதல்ல நிக்கிறதுக்குச் செலவு பண்ணு. அப்புறம் ஓடுறதுக்கு. அழகு கடைசி."

பிரேக்

அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒரு கணக்குப் போடலாம். முதலாம் ஆண்டு பிசிக்ஸ்தான், பயப்படாதீர்கள். ஆட்களோடு சேர்த்து என் கார் 1,400 கிலோ என்று வையுங்கள். 100 கி.மீ. வேகத்திலிருந்து ஒரு தடவை நிறுத்தினால், பிரேக்கும் சாலையும் சேர்ந்து வாங்கிக்கொள்ள வேண்டிய சக்தி சுமார் 5.4 லட்சம் ஜூல். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறக்கம் ஏறக்குறைய 1,200 மீட்டர். எடையை ஈர்ப்பு முடுக்கத்தாலும் உயரத்தாலும் பெருக்கினால் சுமார் 165 லட்சம் ஜூல். அதாவது 100 கி.மீ. வேகத்திலிருந்து 30 தடவை அடுத்தடுத்து நிறுத்துவதற்குச் சமம்! இதில் என்ஜின் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், காற்று ஒரு பங்கு. நான் பெரிய கியரில் வந்து என்ஜினுக்கு விடுமுறை கொடுத்துவிட்டேன். எல்லாப் பாரமும் முன் டிஸ்க் இரண்டின் தலையில். தொப்பூர் கணவாயில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் லாரிக்காரரைத் திட்டுகிறோமே, நான் செய்தது அதற்குத் தம்பி முறை.

அந்தச் சூடு பேடு வழியாகக் காலிபருக்கு, அங்கிருந்து பிரேக் ஆயிலுக்குப் போகிறது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. டாட் 3 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு இதே கணக்கு 230, 155. கொதித்தால் ஆவிக் குமிழி. திரவம் அமுங்காது, குமிழி அமுங்கும். அதனால் பெடல் தரைக்குப் போகிறது. ஆறினால் குமிழி மறைந்து பெடல் திரும்பி வருகிறது. அதுதான் அந்த ஒரு மணி நேர மாயம்.

ஆகவே, பிரேக்கை "அப்கிரேடு" செய்ய நினைக்கிற தம்பி முதலில் செய்ய வேண்டியது, பிரேக் ஆயிலை முழுசாக மாற்றுவது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றினால் போதும். டப்பா மூடியில் என்ன டாட் என்று போட்டிருக்கிறதோ அதைப் பாருங்கள். டாட் 5 என்பது சிலிக்கான் ரகம், மற்றதோடு கலக்கவே கூடாது. டாட் 5.1 வேறு, டாட் 5 வேறு. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

அடுத்தது பேடு. பல பேடுகளின் முதுகில் இரண்டு எழுத்து அச்சடித்திருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டிலும், இரண்டாவது எழுத்து அதிகச் சூட்டிலும் அது பிடிக்கிற அளவைச் சொல்லும். ஈ என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35 வரை. எஃப் என்றால் 0.35 முதல் 0.45. ஜி என்றால் 0.45 முதல் 0.55. அட்டையில் இருக்கும் "ரேசிங்" என்ற சொல்லைவிட அந்த இரண்டு எழுத்து அதிகம் பேசும். உண்மையான ரேஸ் பேடு சூடேறினால்தான் பிடிக்கும். காலையில் பால் வாங்கப் போகும்போது குறுக்கே நாய் வந்தால் அது நமக்கு உதவாது.

பெரிய டிஸ்க், பெரிய காலிபர் போடலாமா என்று கேட்பீர்கள். இன்றைய காரில் ஏ.பி.எஸ். இருக்கிறது. 2019 ஏப்ரலிலிருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயம். நீங்கள் அழுத்தி மிதித்ததும் ஏ.பி.எஸ். துடிக்கிறதென்றால் என்ன அர்த்தம்? பிரேக்குக்கு ஏற்கெனவே பலம் இருக்கிறது, டயர்தான் விட்டுக்கொடுக்கிறது. டிஸ்க்கைப் பெரிதாக்கினால் ஒரு தடவை நிற்கும் தூரம் குறையாது. அடிக்கடி நிறுத்தும்போது சூட்டைத் தாங்கும், அவ்வளவுதான். முன்பக்கம் மட்டும் பெரிதாக்கினால் முன், பின் பிரேக்கின் பங்கீடு கெடும். காலிபர் பிஸ்டன் பெரிதானால், பழைய மாஸ்டர் சிலிண்டருக்கு அதிக ஆயில் தள்ள வேண்டிய வேலை வரும், பெடல் ஆழமாகப் போகும். ஒன்றை மாற்றினால் நான்கை யோசிக்க வேண்டும். காலிபருக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்த தம்பி வருத்தப்பட வேண்டாம், அதில் ஆபத்து இல்லை. பலனும் இல்லை.

டயரும் வீலும்

என்ஜின், பிரேக், ஸ்டீயரிங் எல்லாம் செய்கிற வேலை சாலைக்குப் போய்ச் சேருவது நான்கு உள்ளங்கை அகலத் தொடுதலில்தான். அதனால் கையில் கொஞ்சம் பணம்தான் இருக்கிறது என்றால் நல்ல டயர் வாங்குங்கள், வீலை விட்டுவிடுங்கள்.

வீலையும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் நோட்டும் பேனாவும் எடுங்கள். 185/60 ஆர் 15 டயரின் மொத்த விட்டம் 603 மி.மீ. 16 அங்குல வீலுக்குப் போகிறவர் 195/50 ஆர் 16 போட்டால் 601 மி.மீ., ஏறக்குறைய அதே அளவு. 195/55 போட்டால் 621 மி.மீ. மூன்று சதவீதம் கூடிவிடும், ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும். டயரில் அளவுக்குப் பிறகு வரும் எண்ணையும் பாருங்கள். 84 என்றால் ஒரு டயர் 500 கிலோ தாங்கும். பழைய டயரில் இருந்த எண்ணுக்குக் கீழே ஒருபோதும் போகாதீர்கள்.

வீலில் பார்க்க வேண்டியவை நான்கு. நட்டுத் துளைகளின் வட்டம், அதாவது பி.சி.டி. இது பொருந்தாவிட்டால் மாட்டவே முடியாது, அதனால் இதில் யாரும் ஏமாறுவதில்லை. ஏமாறுவது அடுத்த மூன்றில்.

ஒன்று, நடு ஓட்டை. எல்லா வண்டிக்கும் பொருந்த வேண்டும் என்று வெளிச்சந்தை வீலில் ஓட்டையைப் பெரிதாக விடுவார்கள். என் காரின் ஹப் 57.1 மி.மீ., வாங்கிய வீலின் ஓட்டை 73.1. சுற்றிலும் 8 மி.மீ. காலி! ஹப்புக்கும் வீலுக்கும் நடுவில் போடும் வளையம் ஒன்று உண்டு. அது இல்லாததால் வீல் நடுவில் உட்காரவில்லை. சூளகிரி தாண்டி 90 கி.மீ. தொட்டாலே ஸ்டீயரிங் நடுங்கும். நான் பேலன்ஸிங்குக்கு மூன்று தடவை பணம் கட்டினேன்.

இரண்டு, ஆஃப்செட். வீலின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம். 6 அங்குல அகலம், ஆஃப்செட் 40 இருந்த இடத்தில் 7 அங்குலம், ஆஃப்செட் 25 போட்டால், வெளி விளிம்பு ஏறக்குறைய 28 மி.மீ. வெளியே வரும். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். பள்ளத்தில் இறங்கினால் ஃபெண்டரில் டயர் உரசும். பேரிங்குக்குப் பாரம் கூடும். ஒரு பக்கம் பள்ளத்தில் விழுந்தால் ஸ்டீயரிங்கைக் கையிலிருந்து பிடுங்கும்.

மூன்று, நட்டு உட்காரும் இடம். சில வீலுக்குக் கூம்பு வடிவம், சிலவற்றுக்குப் பந்து வடிவம். மாற்றிப் போட்டால் இறுகின மாதிரி இருக்கும், ஆனால் ஓரத்தில் மட்டும் பிடித்திருக்கும். வீலோடு அதற்கான நட்டையும் வாங்குங்கள். டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள். 100 கி.மீ. ஓடியதும் மறுபடி பாருங்கள்.

தரத்துக்கு ஐ.எஸ். 9436 முத்திரையோ, ஜப்பானிய ஜே.டபிள்யூ.எல். முத்திரையோ இருக்கிறதா என்று வீலின் உட்புறம் பாருங்கள். கூடவே ஒரு தராசும் வேண்டும். ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிற எடை குறைந்தால்தான் டயர் சாலையை விடாமல் பிடிக்கும். கனமான மலிவு வீலைப் போட்டுவிட்டு "ஸ்போர்ட்ஸ்" என்பது, ஓட்டப் பந்தயத்துக்குக் கம்பூட்ஸ் போட்டுப் போகிற மாதிரி.

சஸ்பென்ஷன்

காரை இறக்கினால் புவியீர்ப்பு மையம் கீழே வரும், வளைவில் சாய்வு குறையும். புத்தகம் சொல்வது சரிதான். ஆனால் இந்தியச் சாலைக் காங்கிரஸின் நெறிப்படி கட்டிய வேகத்தடையே 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். நம் ஊர் வேகத்தடைகள் எந்த நெறிப்படி கட்டியவை என்று உங்களுக்கே தெரியும். 165 மி.மீ. தரை இடைவெளி உள்ள காரை 40 மி.மீ. இறக்கி, நான்கு பேரை ஏற்றினால் என்ன மிஞ்சும்?

இடைவெளியை விடப் பெரிய விஷயம், சக்கரம் மேலே போக மிஞ்சும் தூரம். அது தீர்ந்தால் ரப்பர் முட்டும். வளைவின் நடுவில் முட்டினால் அந்தப் பக்கம் ஸ்பிரிங்கே இல்லாத வண்டி ஆகிவிடும், டயர் வழுக்கும். இறக்கின ஸ்பிரிங்குக்குப் பழைய ஷாக் அப்சார்பர் போதாது. அது பழைய ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கச் செய்தது. காளையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டிய கதை. மாற்றினால் ஸ்பிரிங், ஷாக் இரண்டும் ஜோடியாக, ஒரே இடத்தில் வடிவமைத்ததாக மாற்றுங்கள். பிறகு வீல் அலைன்மென்ட் பாருங்கள்.

ஸ்பிரிங்கை வெட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஆறு சுருளில் ஒன்றை வெட்டினால் உயரம் மட்டும் குறைவதில்லை, விறைப்பு 20 சதவீதம் கூடுகிறது. வெட்டின முனை இருக்கையில் சரியாக உட்காராது. தயவுசெய்து வேண்டாம்.

நேர்மையாகச் சொன்னால், பழைய காருக்குச் சிறந்த சஸ்பென்ஷன் மாற்றம், தேய்ந்த ஷாக்கையும் புஷ்களையும் கம்பெனி தரத்திலேயே புதிதாகப் போடுவது. நான் கடைசியில் அதைத்தான் செய்தேன். என் கார் அதற்கு முன் அவ்வளவு நன்றாக ஓடியதே இல்லை.

சட்டமும் வேகமும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக, தயாரித்தவர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருஷத் திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. என்ன மாற்றுவதானாலும் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுங்கள். விபத்துக்குப் பிறகு சர்வேயர் வந்து கேட்கும்போது பதில் தேடக் கூடாது.

"அப்போ வேகமே கூடாதா அண்ணா?" என்று கேட்பது காதில் விழுகிறது. யார் சொன்னது? இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் கார் ஓட்டியவர்கள் நம் முன்னோர்கள். கோயம்புத்தூர் எஸ். கரிவரதன் சாதாரண மாருதி 800-ன் என்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ரேஸ் காரையே உருவாக்கினார். 1995-ல் விமான விபத்தில் மறைந்தார். செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த ஓடுதளம் அவர் பெயரில்தான் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் ஓடுதளம் உண்டு. வேகம் வேண்டுமென்றால் அங்கே போங்கள். ஹெல்மெட் உண்டு, ஆம்புலன்ஸ் உண்டு, எதிரில் லாரி வராது. ஓசூர் கிருஷ்ணகிரி நெடுஞ்சாலை ஓடுதளம் அல்ல. அதன் இரண்டு பக்கமும் கடப்பதற்குக் காத்திருக்கிறவர்கள் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிற நம் ஆட்கள்.

முடிக்கும் முன் ஒன்று. நாளை நீங்களும் ஏதோ ஒரு கம்பெனியில் வெர்னியரும் மைக்ரோமீட்டருமாக உட்காருவீர்கள். அங்கே காட்டுகிற கவனம் கேட்டுக்கு வெளியே வந்ததும் கழன்று விழக் கூடாது. எதை மாற்றுவதானாலும், அந்த மெக்கானிக் கேட்ட கேள்வியை நீங்களே ஒரு தடவை கேளுங்கள். "எதுக்கு?" ஒரு வரியில் பதில் எழுத முடிந்தால் மாற்றுங்கள். முடியவில்லையென்றால் அந்தப் பணத்துக்கு டயர் வாங்குங்கள்.

அன்று பின்சீட்டில் பத்திரிகைப் பையோடு இருந்தவன் இதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் அவன் மனைவி. மடியில் தூங்குவது அவர்களுடைய பெண் குழந்தை. அந்த வளைவில் எதிரே பஸ் வந்திருந்தால் என்ற நினைப்பு, ஒவ்வொரு வருஷமும் இந்தக் குடும்பத்தைப் பார்க்கும்போது எனக்கு வரும். இந்த வருஷமும் வந்தது. மூவரும் இன்று வந்தது என் காரில்தான். 15 அங்குல பழைய வீல், புது பிரேக் ஆயில்.

 சாப்பாடு ஆறுவதற்குள் முடித்துவிட்டேன் என்று நம்புகிறேன்.